வெந்நி போடும் நேரம்

சென்னையில் கிளம்பிய விமானம் தூத்துக்குடியில் எந்த நிமிடம் தரை தொடும் என்பதை விமானிக்கு முன்பே அறிந்தவன், தென்காசியில் டிக்கெட் கடை வைத்திருக்கும் பெஞ்சமின். பறக்க ஒன்றரை மணி நேரம், கார் பிடித்து ஊர் சேர இன்னும் மூன்று. அதில் அவனுக்கு மாற்றுக்கருத்தே கிடையாது.

பக்கத்து வீட்டு வேல்விழியோ, பட்டாளத்துக் கணவர் சென்னையில் விமானம் ஏறியதுமே இங்கே குளியலறையில் வெந்நீர் எடுத்துவைத்துவிடுவாள்.

“யக்கா, அத்தான் வாரதுக்குள்ள வெந்நி குத்தாலத் தண்ணியா ஆயிரும்” என்று சிரிப்பான்.

“அவுக குளிச்சாச்சு தம்பி” என்பாள்.

வாளி காலியாக இருக்கும். கொடியில் அவர் துண்டு ஈரமாகத் தொங்கும். நாலரை மணி நேரம் கழித்து, துவட்டிய தலையோடு அவர் காரிலிருந்து இறங்குவார்.

இன்று வரவேண்டியவள் பெஞ்சமினின் மனைவி ஜெனி. மழையில் விமானம் இறங்க முடியாமல் சுற்றுகிறது என்றார்கள் விமான நிலையத்தில். பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. மூன்று மணி நேரமாகியும் அவள் போன் அணைந்தே கிடந்தது.

பெஞ்சமின் வெந்நீர் போட்டான். அவளுக்குச் சூடு ஆகாது என்று ஒரு செம்பு பச்சைத்தண்ணீர் கலந்தான். குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்கட்டும் என்று வெளியே நின்றான்.