வாரண்டியில் வராத கல்யாணம்

டிஸ்க் செத்து நாலு நாளாகியும் ஆரோக்கியராஜுக்குச் சோறு இறங்கவில்லை. திண்டிவனத்தில் பதினாறு வருஷமாக போட்டோ ஸ்டுடியோ நடத்துபவர். எந்த வாடிக்கையாளர் முன்னாலும் இப்படித் தலைகுனிந்து நின்றதில்லை.

வீடியோக்களைச் சேமித்து வைக்கும் அந்த டிஸ்குக்குக் கம்பெனி ஒரு அப்டேட் அனுப்பியதாம். உடனே போடச் சொன்னதாம். போட்டதும் டிஸ்க் கண்ணை மூடிவிட்டது, உங்கள் மகள் கல்யாண வீடியோவும் அதோடு போயிற்று என்று பெரியதம்பியிடம் சொன்னார்.

பெரியதம்பி ஒலக்கூர் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற விவசாயி. அவர் கோபப்படவே இல்லை. உன்மேல் என்ன தப்பு, விழுப்புரம் சர்வீஸ் சென்டருக்கு நானும் வருகிறேன் என்று பைக்கை எடுத்துவிட்டார். உங்களுக்கு எதற்கு அலைச்சல் என்று ஆரோக்கியராஜ் மூன்று முறை சொல்லிப் பார்த்தார்.

சர்வீஸ் சென்டரில் பிரபாவதி என்ற பெண் டிஸ்கைச் செருகிப் பார்த்தாள். வாரண்டியில் புது டிஸ்க் தருவோம், உள்ளே இருந்ததற்குக் கம்பெனி பொறுப்பில்லை என்றாள். கேமரா கார்டில் அந்த வீடியோ இருக்காதா என்றும் கேட்டாள். கல்யாணத்துக்கு மறுநாளே அந்தக் கார்டைக் காலிசெய்து இரும்பை கிராமத்தில் ஒரு காதுகுத்து எடுத்துவிட்டதாக ஆரோக்கியராஜ் சொன்னார்.

அவருக்குப் புது டிஸ்க்கூட வேண்டாமாம். உங்கள் அப்டேட்டால்தான் எல்லாம் போயிற்று என்று கம்பெனி லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதித் தந்தால் போதுமாம்.

பெரியதம்பி விடவில்லை.

"வெதையும் அவனே குடுத்தான், இந்த மருந்த அடின்னும் அவனே சொன்னான். அடிச்சதும் பயிரு கருகிப்போச்சு. யாரும்மா பதில் சொல்லணும், குடுத்தவனா, அடிச்சவனா?"

பிரபாவதி பேனாவை மூடி வைத்தாள்.

"தாலி கட்டுற நேரத்துல பந்தியில சாம்பாரு பத்தலன்னு கூப்டாங்க. நான் சமையக்கட்டுல நின்னுக்கினு இருந்தேன். எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறினத நான் பாக்கவே இல்லம்மா."

ஆரோக்கியராஜ் திரும்பிக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைப் படிக்க ஆரம்பித்தார்.

பிரபாவதி உள்ளே போய்த் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அரைமணி நேரம் அவள் குரல் ஏறியும் இறங்கியும் கேட்டது. வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பு. அதே அப்டேட்டால் வேறு ஊர்களிலும் டிஸ்குகள் செத்திருக்கின்றன. தப்பு தங்களுடையதுதான் என்று கம்பெனி ஒத்துக்கொண்டது. உள்ளே இருப்பதை மீட்கிற செலவையும் அதுவே ஏற்றுக்கொள்ளும்.

அவர்களுக்கு எதற்கு இவ்வளவு சிரமம் என்றார் ஆரோக்கியராஜ். அந்தப் பெருந்தன்மையில் பெரியதம்பிக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. திரும்பும் வழியில் கூட்டேரிப்பட்டில் பைக்கை நிறுத்தி வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தார். ஆரோக்கியராஜுக்கு வடையும் இறங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, டிஸ்க் வந்துவிட்டது என்று தகவல் வந்தது. ஆரோக்கியராஜ் காய்ச்சல் என்றார். பெரியதம்பி அவர் வீட்டு வாசலுக்கே போய், நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பைக்கில் ஏற்றிக்கொண்டார்.

சர்வீஸ் சென்டரில் பெரியதம்பி கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். மீண்டு வந்த வீடியோக்களின் பட்டியலைப் பிரபாவதி மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தாள். அவள் முகம் சரியில்லை.

கல்யாணம் மட்டும் மீளாமல் போய்விட்டதா என்று பெரியதம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் அவரைப் பார்க்காமல் ஆரோக்கியராஜைப் பார்த்தாள்.

"ஒண்ணுகூட விட்டுப்போகலைங்க, ஆனா கல்யாணத்த இதுல யாருமே ஏத்தவே இல்ல."