உள்ளே போனவர்கள்

“இத்தனை பேரையும் நான்தான்க்கா கெடுத்துட்டேன்” என்றபடியே டாக்டரம்மா கூட்ட அறைக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பு அட்டையைப் பிடுங்கினார். அது பாதிதான் கையோடு வந்தது.

வரவேற்பு மேஜையில் இருந்த அக்காவுக்குப் பகீரென்றது. “என்னம்மா இப்படிச் சொல்றீங்க? யாரு கெட்டுப் போனாங்க?”

துணையைப் பறிகொடுத்தவர்கள் வாராவாரம் ஒன்றாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் துக்கம் ஆறும் என்று டாக்டரம்மா உறுதியாக நம்பினார். நம்பிக்கை மட்டும் போதாதே, சோதித்துப் பார்க்க வேண்டுமே! வந்தவர்களில் பாதிப் பேர் உள்ளே பேச வேண்டும், மீதிப் பேர் சில மாதம் காத்திருக்க வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பதை வாசலிலேயே பூவா தலையா போட்டுப் பிரிப்பது அக்காவின் பொறுப்பு.

துக்கத்தோடு வந்து நிற்பவர்களிடம் எடுத்த எடுப்பில் கேள்வித்தாளை நீட்ட டாக்டரம்மாவுக்கு மனசு வரவில்லை. எல்லாக் கேள்வியையும் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். காத்திருக்கச் சொன்னவர்களில் ஒருவர்கூடச் சண்டைக்கு வரவில்லை. அது அக்காவின் சாமர்த்தியம் என்று மெச்சிக்கொண்டார்.

இன்று காலை முடிவு வந்தது. காத்திருந்தவர்கள் ஓரளவு தேறியிருந்தார்கள். உள்ளே பேசியவர்கள்தான் தூக்கமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒருவேளை வேற ஏதாச்சும் காரணமா இருக்குமோ?” என்று மெல்ல இழுத்தார் அக்கா.

“உள்ள வர்றோம்னு அவங்களாவே பேரு குடுத்திருந்தா அப்படிச் சொல்லித் தப்பிச்சிருப்பேன். நாமதான் பூவா தலையா போட்டுப் பிரிச்சோமே! ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆளுங்க. அப்புறம் வித்தியாசம் எங்கிருந்து வரும்? நான் பேச வெச்சதாலதான்.”

டாக்டரம்மாவின் குரல் உடைந்தது. ஆறுதல் தேடி வந்தவர்களின் புண்ணைக் கிளறிவிட்டோமே என்று புலம்பினார். இனி எங்கேயும் இதைச் செய்ய வேண்டாம் என்று மேலிடத்துக்கு ஏற்கெனவே எழுதியும் அனுப்பியிருந்தார்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

“நிறுத்தாதீங்கம்மா.”

“இன்னும் நாலு பேரைக் கெடுக்கச் சொல்றீங்களா?”

“அது இல்லம்மா…” அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. “நான் பூவா தலையா போடவே இல்ல. அழுதவங்களை எல்லாம் உள்ள அனுப்பிட்டேன்.”