கசிவு எங்கே?

பிக்கப் வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டுவதைப் பார்த்ததுமே அவர் தீர்ப்பு எழுதிவிட்டார். குற்றவாளி மனைவி. பூந்தொட்டிகளைக் கடைகடையாக இறக்க அவள்தான் வண்டி ஓட்டுகிறாள்.

"கண்டபடி மிதிக்கிறே, எஞ்சின் சீல் போயிடுச்சு. இனிமே சாவியைத் தொடாதே!"

"என் பொழைப்பே அந்த வண்டிதாங்க. மெக்கானிக் பார்க்கட்டும். தப்பு என்மேல இல்லேன்னா, சாவி எனக்கு மட்டும்தான்."

"தாராளமா! இருபது வருஷமா வண்டி பார்க்கிறவன் நான்."

மெக்கானிக் எஞ்சினைத் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினார். "எங்கே கசிஞ்சாலும் இதுல கோடு விழும் சார். ரெண்டு நாள் ஓட்டிப் பார்க்கிறேன்."

மூன்றாம் நாள் இருவரும் போனார்கள். எஞ்சினில் தூவிய பவுடர் கலையாமல் இருந்தது.

"ஒரு சொட்டு கசியலை சார். எண்ணெயும் குறையலை."

"எப்படிக் குறையும்? தினம் காலையில ஊத்தி ஊத்தி வளர்த்தவனாச்சே நான்!"

ஊற்றிக் காட்டவே கணவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து எண்ணெய் டப்பாவை எடுத்தார். புனலெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு என்பது அவர் கொள்கை. மூடியைத் திறந்து, கை பழகிய லாகவத்தில் கவிழ்த்தார்.

பாதி உள்ளே போனது. மீதி வெள்ளைப் பவுடரில் நீளமாகக் கோடு போட்டுக்கொண்டு இறங்கி, தரையில் சொட்டியது.

மெக்கானிக் இருமினார். "கசிவு கிடைச்சிடுச்சு சார்."

மனைவி கையை நீட்டினாள். அவர் சாவியைக் கொடுத்தார். அதிலும் எண்ணெய்.

"பக்கத்து சீட்ல ஏறுங்க. கதவை மட்டும் தொட்டுடாதீங்க, நானே திறந்துவிடறேன்."