நாள் தெரியாதவர்களின் மெழுகுதிரி

கோல்ஃபீல்டில் என் சிநேகிதி நவோமியின் குசினி. மாலை எட்டு மணியாகியும் இந்த நாட்டுக் கோடையின் டிசம்பர் வெயில் மேசையை விட்டுப் போகாமல் கிடக்கிறது. இறந்த நாள் தெரியாதவர்களுக்காக யூதர்கள் ஒதுக்கியிருக்கும் பொதுநாள் இன்று மாலை தொடங்குகிறது. போலந்தில் ரயிலேற்றப்பட்டுத் திரும்பி வராத தன் சித்திக்காக நவோமி ஒரு மெழுகுதிரியை ஏற்றுகிறாள். கண்ணாடிக் குவளையில் இருக்கும் இன்னொன்றை என் பக்கம் நகர்த்துகிறாள். "உன்ர தம்பிக்கு." ஊரில் சண்டை முடிந்ததிலிருந்து பதினாறு வருடங்களாக ஜெறோமைக் காணவில்லை. செவ்வாய்தோறும் நான், தொலைந்ததைத் தேடித்தரும் அந்தோனியாருக்குத் திரி கொளுத்துவது அவன் கிடைக்கவேண்டும் என்றுதான். இதுவோ செத்தவர்களுக்கானது. "இதைக் கொளுத்தினா அவனை நானே சாகடிச்ச மாதிரி," என்கிறேன். சுவாலையின் ஒளி நவோமியின் கன்னத்தில் அசைகிறது. "என்ர அம்மா நாற்பது வருசம் தன்ர தங்கச்சிக்குக் கொளுத்தினவ. கொளுத்திப்போட்டு, விடியுமட்டும் முன்கதவைப் பூட்டமாட்டா." "போன ஆக்கள் இதைப் பாக்கினம் எண்டு நீ நம்புறியா?" என்று கேட்கிறேன். "தெரியாது. ஆனா கொளுத்தாமல் இருக்கப் பயமாக் கிடக்கு." எனக்கும் அந்தப் பயம்தான். ஞாயிறு பூசையில் அதை விசுவாசம் என்று சொல்லிக்கொள்கிறேன். தீக்குச்சியை உரசுகிறேன். அது விரலைச் சுடும்வரை பிடித்திருந்துவிட்டுத் திரியில் வைக்கிறேன். திரி உடனே பற்றிக்கொள்கிறது, காத்திருந்ததைப் போல. வெளியே கேற் கிறீச்சிடுகிறது. காற்றுத்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நவோமி எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறாள்.