மட்டையில் இருந்த சிவப்புத் தடம்

பழைய கிரிக்கெட் ஆட்டங்களின் வீடியோவை இயந்திரம் மறுபடி பார்த்து, தவறான தீர்ப்புகளைத் திருத்துகிறது. வீடு தேடிப் போய் அதைச் சொல்வது என் வேலை. யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை.

பாளையங்கோட்டை அந்தோணிசாமி நாற்பது வருடங்களுக்கு முன் ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டும் எடுத்தவர். ஊரில் அவர் பெயரே 'பத்து விக்கெட்'தான். அவற்றில் ஒன்று, பக்கத்து வீட்டு சுடலைமுத்துவுக்கு, பந்து காலில் பட்டது என்று கொடுத்த எல்பிடபிள்யூ. பந்து முதலில் மட்டையில் பட்டது என்கிறது இயந்திரம். அப்படியானால் ஒன்பதுதான்.

சுடலைமுத்து அன்றிலிருந்து சொல்லிவருவதும் அதையேதான். சாட்சியாக, பந்தின் சிவப்புத் தடம் பதிந்த மட்டையைப் பத்திரமாக வைத்திருந்தார். அதைப் படம் எடுத்தால்தான் திருத்தம் உறுதியாகும்.

என்ன விஷயமாக வருகிறேன் என்று போனில் முன்பே சொல்லியிருந்தேன்; நான் போனபோது இருவரும் சுடலைமுத்து வீட்டில் இருந்தார்கள்.

"ஏல, நாப்பது வருசமா கத்துனியே. இப்பம் சந்தோசமா?" என்றார் அந்தோணிசாமி. சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

சுடலைமுத்து மட்டையை நீட்டினார். தடம் இருக்கவேண்டிய இடம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெளுத்திருந்தது. அவர் வேட்டியில் மரத்தூள்.

"தடம் எங்க சார்?" என்றேன்.

"என்ன தடம்? கால்லதான் பட்டுச்சு. நான் அவுட்டு. எழுதிக்கிடுங்க."

அந்தோணிசாமி தலையைக் குனிந்துகொண்டார். நான் 'அவுட்' என்று எழுதி, பதிவை முடித்துவிட்டு வெளியே வந்தேன்.

வாசல் தாண்டுவதற்குள் உள்ளே சுடலைமுத்துவின் குரல் கேட்டது.

"ஏல, ஆனா ஒண்ணு, அது மட்டையிலதான் பட்டுச்சு."

"அட போல, கால்லதான்."