லாரிக்காரன் பூனை

தடாலென்று இஸ்திரிப் பெட்டி கீழே விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மேசைமேல் பூனை. ஒரு வாரமாக நான் தைத்த கல்யாணக் கோட்டு நார் நாராகக் கிழிந்து, மூத்திரத்தில் நனைந்து கிடந்தது. பத்து மணிக்குக் கொடுக்காவிட்டால் தையற்கடையில் என் வேலை போய்விடும்.

அந்த நேரம் பார்த்து என் அறைத்தோழன் லாரிக்காரன் உள்ளே வந்தான். நான் பகலெல்லாம் கடையில், அவன் இரவெல்லாம் வண்டியில். காலையில் அரைமணி நேரம்தான் முகம் பார்த்துக்கொள்வோம். நான் குடிவந்த அன்றே இந்தப் பூனை அவன் கட்டிலில் படுத்திருந்தது. அன்று முதல் என் தலையணையில் எலித்தலை, செருப்பில் அசிங்கம். புதிதாக வந்தவன் எதற்குச் சண்டை போடுவது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்று முடியவில்லை. சட்டையைப் பிடித்து அவனைச் சுவரில் மோதினேன்.

"மூணு மாசமாப் பொறுத்தேன்டா!"

"நான் மட்டும் பொறுக்கலயா?" என்று என் வயிற்றில் உதைத்தான்.

கத்தரிக்கோலை எடுத்தேன். "ஒண்ணு இந்தச் சனியன் போகணும், இல்ல நீ போகணும்!"

"நான் ஏன்டா போகணும்? நீ போ!"

என்ன திமிர்! கத்தரிக்கோலின் பிடியால் அவன் மண்டையில் ஒரே போடு போட்டேன். சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். ரத்தம் கன்னத்தில் வழிந்தது. மிரண்ட பூனை ஜன்னல் வழியாகப் பாய்ந்து ஓடியது.

துண்டால் தலையை அழுத்திக்கொண்டு அவன் முனகினான்:

"பைத்தியக்காரா... நீ கூட்டிட்டு வந்த பூனை பண்ற அட்டகாசத்துக்கு, எதுக்குடா என்னைப் போட்டு அடிக்கறே?"