பத்தாயிரத்து ஏழின் உறவு

பத்தாயிரத்து ஏழு என்ற எண்ணுக்கு ஒரே ஓர் ஆசை. தன்னை மீதியில்லாமல் வகுக்கும் ஓர் எண்ணாவது தனக்கு உறவாக வேண்டும். பக்கத்து வீட்டுப் பத்தாயிரத்து எட்டில் இரண்டும் மூன்றும் நான்கும் கூடி எந்நேரமும் கும்மாளம்.

முதலில் அது ஏழிடம் போனது. "அண்ணே, என் பெயரிலேயே நீங்கள் இருக்கிறீர்களே!"

ஏழு வகுத்துப் பார்த்தது. நான்கு மிஞ்சியது. "பெயரில் இருந்தால் போதுமா, தம்பி?" என்று கதவைச் சாத்திக்கொண்டது.

பிறகு இரண்டில் தொடங்கி ஒருவரையும் விடாமல் வாசல் வாசலாக ஏறி இறங்கியது. எல்லா இடத்திலும் ஏதோ மிஞ்சியது. கடைசியில் நூறும் வகுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது.

"ஏழு மிஞ்சுகிறது, தம்பி. இனி அலையாதே."

"உங்களுக்கு அப்பால் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்களே, ஐயா?"

"இருக்கிறார்கள். ஆனால் வகுக்கிறவர்கள் ஜோடியாகத்தான் வருவார்கள்; இருவரையும் பெருக்கினால் நீ வரவேண்டும். இருவருமே என்னைத் தாண்டியவர்கள் என்றால் பெருக்கியது உன்னையும் தாண்டிவிடும். என்னைத் தாண்டி ஒருவர் உனக்கு உறவென்றால், அவருடைய ஜோடி எனக்குக் கீழே இருந்திருக்கும். நீதான் எல்லாரையும் கேட்டுவிட்டாயே."

துவண்டுபோய் வீடு திரும்பியது. உள்ளே ஒன்று என்ற எண் உட்கார்ந்திருந்தது.

"நான் இருக்கிறேனே," என்றது ஒன்று.

"நீ எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறாய்," என்று சொல்லிவிட்டு, பத்தாயிரத்து ஏழு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.